மிஸ்ஸுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

“அவங்க மூஞ்சியை நீங்க எதுக்கு அளக்கணும்?”

“மூஞ்சியை இல்லம்மா, கண்ணை. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு பார்க்காம எப்படிக் கண்ணாடி போடுறது?”

“ஓஹோ, கண்ணுக்குள்ளயே பார்க்கப் போறீங்களா! பள்ளிக்கூடம் முடியப் போகுது, டீச்சருக்கு ஒரு பரிசு குடுங்கன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் கைப்பை வாங்குவாங்க, கடிகாரம் வாங்குவாங்க. கண்ணைப் பார்க்கிறேன்னு கிளம்பின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்.”

“மெதுவாப் பேசு. ஸ்பீக்கர்ல இருக்கு.”

“இருக்கட்டும். எல்லாரும் கேட்கட்டும்!”

கேட்டோம். மேல்மாடி டைலரம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் சமையலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அதைக் கட்டியவன் செங்கல் வைத்தானா, அட்டை வைத்தானா என்பது அவனுக்கே வெளிச்சம். காதை வைத்துக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வேண்டியதும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்து மாட்டிக் கொடுப்பார். கட்டடம் முழுக்க அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம். கத்திய குரல் அவர் மனைவியுடையது; ஆள் இங்கே இல்லை, குரல் மட்டும்தான். கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும் முன்னால், சாயங்காலம் கூப்பிடுவாள். அவர் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பார். இப்படியாக அவள் குடும்பம் நடத்துவது சர்க்கரை டப்பாவின் மேல்தான்.

அவள் புருஷனை ‘நீங்க’ என்றுதான் பேசுவாள். கோபம் முற்றினால் அது ‘நீ’ ஆகும். அந்த இடம் வரும்போது நான் குழாயை மூடிவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை போனால் போனதுதான்.

“அந்த மிஸ்ஸோட கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குதும்மா,” என்றார் அவர். “காதுல மாட்டுற கம்பி ஒண்ணு உடைஞ்சு நூல் சுத்தி வச்சிருக்காங்க. பவரும் பழசு. குனிஞ்சா நழுவுது, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே பின்றாங்க. எனக்குப் பார்க்கவே கை அரிக்குது.”

“என்னத்தைப் பின்றாங்க?”

கரண்டி பாத்திரத்தில் ஒருமுறை இடித்தது.

“கேட்கிறேன்ல? என்னத்தைப் பின்றாங்க?”

“தலை. சடை. காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, பசங்களுக்கு. நம்ம சுண்டெலிக்கும்.”

சுண்டெலி என்பது அவர்கள் மகள். இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் முளைத்த தினுசில் கட்டடமே சேர்ந்து வைத்த பேர்.

“அவளுக்கு நீ பின்றதில்லையா?” வந்துவிட்டது ‘நீ’. குழாயை மூடினேன்.

“நான் பின்னித்தான் அனுப்புறேன். எனக்கு வரல போல. அங்க போனதும் பிரிச்சுத் திரும்பப் பின்றாங்க.”

“அப்போ, தினம் சாயங்காலம் போன்ல காட்டுறியே ஒரு சடை? அழகா இருக்கு, கை பழகிடுச்சுன்னு இத்தனை நாளா நான் வாய் நிறையச் சொல்லிட்டிருந்தேனே, அது?”

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“அது அவ பின்னின சடையா?”

அதற்கும் கரண்டிதான் இடித்தது. பிறகு அவள், கத்தலெல்லாம் வடிந்துபோய், “வச்சிடறேன், டியூட்டிக்கு நேரமாச்சு,” என்றாள். மேலே தையல் மெஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது.

அந்த மனுஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்னத் தெரியாமல் சும்மா இருந்தவர் இல்லை. மனைவி போன புதிதில், பால்கனிக் கம்பியில் தரை துடைக்கிற மாப்பைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலில் ரெட்டைச் சடை போட்டுப் பழகினார். நாங்கள் எல்லோரும் அவரவர் ஜன்னலில் நின்று பார்த்தோம். “மாப்புக்கு எப்பங்க கல்யாணம்?” என்று டைலரம்மா மேலிருந்து கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரிப்பன் கட்டி முடித்து, எட்டி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அவிழ்த்துத் திரும்ப ஆரம்பித்தார். லென்ஸ் தேய்க்கிற கை, பழகாமல் போகுமா? இரண்டு மாதத்தில் அந்த மாப்பு எங்கள் பெண்களைவிட லட்சணமாக இருந்தது.

அதனால்தான் எனக்கு இடித்தது. அப்படிப் பழகின கை பின்னிய சடையைப் பள்ளிக்கூடத்தில் ஏன் பிரிக்கிறார்கள்?

மறுநாள் என் போன் அடித்தது. கண்ணாடிக்காரரின் மனைவி.

“அக்கா, ஒரு உதவி. நீங்க ஒருநாள் அவளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரீங்களா? சும்மா அப்படியே அந்த மிஸ்ஸையும் பார்த்துட்டு வாங்க.”

“அதுக்கென்னம்மா. எனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பெல்லாம்? ஆனா நீ கேட்கிறே.”

“எப்படி இருப்பாங்க, என்ன பேசுறாங்க, வயசு என்னன்னு...”

“கல்யாணம் ஆகலை. தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. உன்னைவிட ரெண்டு வயசு சின்னவளா இருக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? தெரியும்.

மறுநாள் காலையில் சுண்டெலியை அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு சடையும் அளவெடுத்தாற்போல ஒரே நீளம், வகிடு கோடு போட்ட மாதிரி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், பள்ளிக்கூட வாசலில் கையை உருவிக்கொண்டு, “ஆன்ட்டி, நீங்க போங்க,” என்றாள்.

“உள்ள வரைக்கும் வரேனே.”

“வேணாம். போங்க.”

போகிற மாதிரி போய் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் நின்றேன். அது என்னை மறைக்கிற அகலமில்லை, குழந்தைதானே, கவனிக்கவில்லை. வாசலை ஒட்டிக் கைகழுவும் குழாய்கள். கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு, ரிப்பனை இழுத்தாள். ஒரு சடை. பிறகு இன்னொன்று. பத்து விரலையும் விட்டு உதறி, தலையை இரண்டு ஆட்டு ஆட்டினாள். ரிப்பனைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எழுந்த கோலத்தில் வந்தவள் மாதிரி வராந்தாவைப் பார்த்து நடந்தாள்.

வராந்தாவில் மிஸ், குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில், முழங்கால் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்க உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சின்ன வரிசை. பொத்தான் போடாதது, மூக்கு வடிவது, தலை கலைந்தது எல்லாம் அந்த வரிசையில் நின்றன. சுண்டெலியின் முறை வந்தது.

“வந்துட்டியா? இன்னிக்கும் காக்கா கூடா? நேத்து என்ன சொன்னேன்? ஆடாதே. நிமிர்ந்து உட்காரு. கழுத்து என்ன கழுத்தா, வாழைத் தண்டா? அசையாதேன்னா!” சீப்பால் உச்சந்தலையில் ஒரு தட்டு.

கண்ணாடி நழுவியது. ஒரு கையால் மேலே தள்ளிவிட்டுத் திரும்பப் பின்னினாள். கண்ணாடிக்காரர் சொன்னது சரிதான், பார்க்க நமக்கே கை அரித்தது. ஆனால் நான் பார்த்தது சுண்டெலியின் முகத்தை. கண்ணை மூடிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்ட பூனைபோல உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது கேட்டே விட்டேன். “ஏன்டி கண்ணு, அப்பா பின்னினதைப் பிரிக்கிறே? இழுத்து வலிக்குதா?”

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் சடை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, “அப்பா பின்னும்போது பேசவே மாட்டார், ஆன்ட்டி. ஹேர்பின்னை வாயில வச்சிருப்பார்,” என்றாள்.

“அதுக்கு?”

“மிஸ், அம்மா மாதிரி திட்டுவாங்க.”

அதை ஒரு ரகசியம்போலவும் சொல்லவில்லை. பென்சில் முனை உடைந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு, நடைபாதையின் ஓரக்கல்லில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு முன்னால் போனாள்.

இதை நான் அவளுடைய அம்மாவிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். யோசித்தேன் என்றால், படி ஏறி வீட்டுக் கதவைத் திறக்கிற வரைக்கும். அவள் கேட்டு அனுப்பினாள், நான் பார்த்தேன், அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கூப்பிட்டுச் சொன்னேன். குழாயடியில் பிரித்தது, பெஞ்ச், காக்கா கூடு, சீப்புத் தட்டு, கடைசியில் அந்த ஒரு வரி.

அங்கே எங்கோ ஒரு இரும்பு அலமாரிக் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. டியூட்டிக்கு உடை மாற்றுகிற அறை போலிருக்கிறது.

“அக்கா,” என்றாள். “இங்க காலையில டியூட்டி முடியறதுக்கு முன்னாடி ஏழெட்டுப் பேருக்குத் தலை வாரி விடுறேன். சிலது நம்ம கையையே தட்டிவிடும். ஆனா யாரையும் ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லக் கூடாது. அது இங்க ரூல். சிரிச்சுக்கிட்டே வாரணும்.”

நான் குழாயை மூடப் போனேன்; ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“அவர்கிட்ட சொல்லாதீங்க. அந்த மாப்புல பழகினாரே, பாவம். கண்ணாடியே குடுக்கச் சொல்லுறேன். நல்ல லென்ஸாப் போடட்டும். பின்றப்ப அவங்களுக்கு நல்லாத் தெரியட்டும்.” போனை வைக்கப் போனவள் திரும்பவும் சொன்னாள்: “ஆனா அக்கா, அளக்கும்போது நீங்க கூட இருங்க.”

நான் இல்லாமலா?

கடைக்கு வரவே மிஸ் தயங்கினாளாம். வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், “எனக்கு எதுக்குங்க? வருஷக் கடைசின்னா எல்லாரும் காபிக் கோப்பை குடுப்பாங்க. அதுவே போதும்,” என்றாள்.

“கோப்பை நிறைய சேர்ந்திருக்குமே?” என்றேன். விவரம் தெரிந்துகொள்ளத்தான்.

“அலமாரி நிறைய இருக்கு, ஆன்ட்டி. ‘அன்பான ஆசிரியைக்கு’ன்னு எல்லாத்துலயும் எழுதியிருக்கும். நான் ஒருத்தி, ஒண்ணுல குடிப்பேன். மத்ததை எப்பவாவது தூசி தட்டி வைப்பேன்.” சிரித்தாள். பழைய கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் அந்தச் சிரிப்பு எங்களைப் பார்த்து இல்லாமல், சுவரில் மாட்டியிருந்த ஃபிரேம்களைப் பார்த்துப் போனது.

கடை டாக்டர் பவரைப் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு, கண்ணாடிக்காரர் அவள் முன் உட்கார்ந்து சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்தார். “நேராப் பாருங்க. என் காதைப் பாருங்க. அசையாதீங்க.” அவ்வளவுதான். நானும் கண் இமைக்காமல் பார்த்தேன். அந்த மனுஷன் கண்ணைப் பார்த்தாரா, இல்லை. ஸ்கேலில் இருந்த கோட்டைத்தான் பார்த்தார். மிஸ்ஸும் சொன்னபடி காதைத்தான் பார்த்தாள். இரண்டு தனி ஆட்கள், ஒரு சாண் தூரத்தில், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டைலரம்மாவிடம் போய்ச் சொல்ல என் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அவர் மனைவிக்கு மட்டும், “ஒண்ணும் இல்லம்மா, ஸ்கேல்தான்,” என்று தகவல் சொன்னேன்.

பள்ளிக்கூட வருஷத்தின் கடைசி நாள் வந்தது. கண்ணாடிக்காரர் கடைக்குத் தாமதமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மகளோடு கிளம்பினார். நானும் அந்தப் பக்கமாகக் காய்கறி வாங்கப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிக் காய்கறிக் கடை இல்லை என்று டைலரம்மா சொல்வாள். அவளுக்கு என்ன தெரியும்?

வாசலில் அப்பா யாரோ ஒரு வாத்தியாரிடம் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சுண்டெலி வழக்கம்போலக் குழாயடி வேலையை முடித்துவிட்டாள். வராந்தாவில் அம்மாக்கள் கூட்டம். மிஸ்ஸின் பக்கத்தில் பளபள காகிதம் சுற்றிய பெட்டிகள். உருவத்தைப் பார்த்தாலே கோப்பை என்று தெரிந்தது. சுண்டெலி கண்ணாடிக் கூட்டை நீட்டினாள். “மிஸ், இது அம்மாவும் அப்பாவும் குடுத்தது. இது போட்டா நழுவாதாம்.”

மிஸ் போட்டுக்கொண்டாள். கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள், நழுவவில்லை. கூரை, பெஞ்ச், எதிரில் நின்ற எங்கள் முகங்கள் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று பார்த்தாள். பிறகு, “வா, காக்கா கூடு,” என்று சுண்டெலியைத் திருப்பி உட்கார வைத்துச் சீப்பை எடுத்தாள். எடுத்தவள் வாரவில்லை.

இறுக்கிப் பின்னி அப்போதுதான் பிரித்த முடி எப்படி இருக்கும்? அலை அலையாக, உச்சி முதல் நுனி வரைக்கும் நெளிந்து கிடக்கும். பழைய கண்ணாடியில் அது அவளுக்குக் கலைந்த தலையாகத் தெரிந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு நெளியும் தெரிந்தது. ஒரு கொத்தை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“காலையில யாரு பின்னினது?”

சுண்டெலி குனிந்துகொண்டாள். சட்டைப் பையிலிருந்து ரிப்பன் எட்டிப் பார்த்தது. தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்ற கண்ணாடிக்காரர் அந்த ரிப்பனையே பார்த்தார். காலையில் அவர் கட்டிய முடிச்சின் மடிப்பு அதில் அப்படியே இருந்தது. அவர் முகம் போன போக்கை நான் டைலரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

“உங்கப்பா நல்லாத்தானேடி பின்றார்?” என்றாள் மிஸ். “என்னைவிட நல்லா.”

“ம்.”

“பின்னே? என்கிட்ட திட்டு வாங்கவா தினம் பிரிச்சுட்டு வந்தே?”

“ம்.”

மிஸ் ஒரு பக்கச் சடையைப் பேசாமல் பின்னி முடித்தாள். பிறகு சீப்பைத் தூணின் பக்கம் நீட்டினாள். “சார், அந்தப் பக்கம் நீங்க பின்னுங்க. நான் திட்டுறேன்.”

அத்தனை அம்மாக்கள் நடுவில் அந்த மனுஷன் மண்டி போட்டு உட்கார்ந்து பின்னினார். “நிமிர்ந்து உட்காரு! ஆடாதே!” என்று மிஸ் பக்கத்தில் நின்று அதட்டினாள். ஹேர்பின்னை வாயில் வைத்திருந்ததால் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. சுண்டெலி மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சர்க்கரை டப்பாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார்.

“நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குப் பின்னுவீங்க?”

“நாளைக்கு லீவு ஆரம்பம்மா.”

“லீவுன்னா தலை பின்ன மாட்டீங்களா? போனை அவ முன்னாடி வைங்க. நீங்க பின்னுங்க. திட்டுறது என் வேலை.”

மறுநாள் காலையிலிருந்து கட்டடத்துக்கு அலாரம் தேவைப்படவில்லை. “நிமிர்ந்து உட்காருடி! எங்க பார்க்கிறே? போனைப் பாரு! என்னங்க, இடது பக்கம் தூக்கி இருக்கு, பிரிச்சுப் பின்னுங்க!” ராத்திரி முழுக்க யார் யாருக்கோ சிரித்துக்கொண்டே தலை வாரிவிட்டு வந்தவள், இங்கே வந்து ஆசை தீரத் திட்டினாள். தூக்கம் கெட்டதென்று கீழ்வீட்டு ஓட்டுநர் புகார் சொன்னார். அப்படியென்றால் ஜன்னலை மூடிக்கொள் என்று நானும் டைலரம்மாவும் அபூர்வமாக ஒரே குரலில் சொன்னோம்.

எல்லாமே கொஞ்சநாள்தானே. அங்கே அவளுக்கு டியூட்டி மாறியது. சில காலைகளில் போன் வரும், சில காலைகளில் வராது. ஒருநாள் சுண்டெலி, “நானே பின்னிக்கிறேன், தள்ளுங்கப்பா,” என்று சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. அதற்குப் பிறகு காலையில் எங்கள் குழாய்ச் சத்தம்தான்.

மிஸ் அந்த விடுமுறையிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கணக்கர்; ஊர் மாறிப் போய்விட்டாள். கோப்பைகளையெல்லாம் பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாளாம். கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி யாரோ கெஞ்சியிருப்பார்கள், கழற்றவில்லை. கீழ்வீட்டு ஓட்டுநரைத் தூரத்து வேலைக்கு மாற்றினார்கள். டைலரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள், மெஷினையும் தூக்கிக்கொண்டு.

கண்ணாடிக்காரரின் மனைவி திரும்பி வந்தாள், இன்னும் இரண்டு வருஷம் கழித்து. வந்த மாதமே பெரிய வீடாகப் பார்த்து வேறு பக்கம் குடிபோனார்கள். ஒருமுறை மூன்று பேரையும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். சுண்டெலி வளர்ந்திருந்தாள். முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு அதுதான் வசதி என்றாள். அவள் அம்மாவின் கை தானாக எழுந்து மகளின் பின்கழுத்துப் பக்கம் போயிற்று. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தது.

“நிமிர்ந்து நில்லு,” என்றாள். நிமிர்ந்துதான் நின்றிருந்தாள் அந்தப் பெண்.

பக்கத்து வீட்டில் இப்போது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், குரலை உயர்த்துவதே இல்லை. கேட்க ஒன்றுமில்லாமல், வெறும் சுவரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.